தேரை மேல் உப்பைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை விழுந்ததும் வாசலுக்கு வரும் தேரை மேல் உப்பை அள்ளிப் போடுகிற வழக்கம் எங்கள் கோபி பக்கம் இன்னும் போகவில்லை. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தொட்டியடி ஈரமண்ணில் பின்னங்காலை அகட்டி, அடிவயிற்றை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் அது குடிக்கிற விதம். உடம்பில் நீர் குறைந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் சிறுநீரைக் குறைக்கிறது, வயிற்றுத் தோல் ஈரத்தை வேகமாக இழுக்கிறது, அப்புறம் சிறுநீர்ப்பையில் இருக்கும் நீர்கூட திரும்ப ரத்தத்துக்கே போகிறது! பங்குனி வெயிலை அது தாங்குவது இப்படித்தான். கையில் பிடித்தால் பீச்சி அடிக்கிறதே, அது அதன் சேமிப்பு. உப்போ அதே தோல் வழியே உள்ளிருக்கும் நீரையும் உறிஞ்சிவிடும்.

தலைப்பிரட்டை கதையும் ஹார்மோன்தான். 1912-ல் குடர்னாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்தார், அவை வளர்வதற்கு முன்பே குட்டிக் குட்டித் தவளைகளாகிவிட்டன. வால் கரைவதும், பாசி தின்ற நீளக் குடல் பூச்சி தின்னத் தோதாகச் சுருங்குவதும் அந்தச் சுரப்பியின் வேலையே.

சரி, நம் கவலைக்கு வருகிறேன். மக்காச்சோளத்துக்கு அடிக்கிற அட்ரசின் களைக்கொல்லி பட்ட ஆண் தவளைகளில் பத்தில் ஒன்று பெண்ணாகவே மாறியதாக 2010-ல் அமெரிக்காவில் டைரோன் ஹேய்ஸ் என்ற ஆய்வாளரின் குழு எழுதியது. தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள், அது வேறு விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் அந்த மருந்தை எப்போதோ நிறுத்திவிட்டது. உடுமலை, பல்லடம் பக்கம் மக்காச்சோளக் காட்டை ஒட்டிய குட்டைகளின் நீரை வேளாண்மைத் துறை சோதித்து முடிவை வெளியிட்டால் என்ன?

ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்