ஆர்கனைக் கழற்றுவதற்கு முன்: தென்னாப்பிரிக்கா, டர்பன் தமிழ்ச் சபையின் மூப்பர்களுக்கு

அன்புள்ள மூப்பர்களே, ஆலயக் குழுவினரே,

ஸ்தோத்திரம். குழல்களில் காற்று ஊதிப் பாடும் நம் பைப் ஆர்கனைக் கழற்றிவிட்டு கீபோர்டும் ஸ்பீக்கரும் வைக்கப்போவதாகவும், அதற்கு வாக்கெடுப்பு நடக்கும் என்றும் போன ஞாயிறு அறிவித்தீர்கள். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

குறை இருப்பது உண்மைதான். யாரும் கட்டையைத் தொடாமலே ஒரு சுரம் ஊளையிட்டு, ஜெபத்தையே நிறுத்த வேண்டிவந்தது. ஆனால் பழுது குழலில் இல்லை. சனிக்கிழமை பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். துருத்தியின் மடிப்புகளில் தோல் காய்ந்து வெடித்திருக்கிறது. காற்றுப் பெட்டிக்குள் ஓர் அடைப்பான் ஈரத்தில் உப்பி, முழுசாக மூட மறுக்கிறது. நம் ஊர்க் கடல்காற்றில் மரமும் தோலும் இப்படித்தான் ஆகும். தோலை மாற்றலாம், மரத்தை இழைக்கலாம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல்கள் பல தலைமுறை தாங்கும். கேப் டவுன் நகர மண்டபத்து ஆர்கன் 1905-இல் வைத்தது.

அந்தக் குழல்களைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஸ்டாப் என்னும் இழுகுமிழ் ஒன்றை இழுத்தால் ஒரு வரிசைக் குழல்களுக்கு வழி திறக்கும். சிலவற்றில் காற்று புல்லாங்குழலைப் போல விளிம்பில் மோதிப் பாடும். சிலவற்றுக்குள், நாதஸ்வரத்தில் சீவாளி துடிப்பதைப் போல, பித்தளை நாக்கு துடிக்கும். மூலையில் நிற்கும் பெரிய மரக்குழல் 8 அடிதான். மேல்வாய் அடைத்திருப்பதால் 16 அடிக் குழலின் சுரம் தருகிறது. நொடிக்கு ஏறக்குறைய 33 அதிர்வு. கை வைத்தால் முழங்கை வரை ஏறும்.

நம் தமிழ் ஆராதனைக்கு வரும் பாட்டிமார் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் அம்மா பாடக் கேட்ட கீர்த்தனைகளை நெஞ்சிலிருந்துதான் பாடுகிறார்கள். வரி முடிவில் அவர்கள் இழுக்கும் வரை, பியானோ மாதிரித் தேயாமல், ஆர்கனின் சுரம் கூடவே நிற்கிறது. ஸ்பீக்கர் வைத்த கூட்டங்களில் முன்வரிசைக்குக் காது வலிக்கிறது, கடைசி பெஞ்சுக்குப் பாட்டே போய்ச் சேர்வதில்லை. ஆர்கனோ ஆலயம் முழுவதையும் நிறைக்கிறது.

ஆர்கன் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, செலவு எவ்வளவென்று எழுதி வாங்குங்கள். அதுவரை வாக்கெடுப்பைத் தள்ளிவையுங்கள். பணம் திரட்ட வீடு வீடாகப் போக நான் தயார்.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆலயத்தில் இருப்பேன். பின்கதவு திறந்திருக்கும். ஐந்து நிமிஷம் வந்து அந்த மரக்குழலின் மேல் கை வையுங்கள், நான் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் ஆர்கன் வாசிப்பவள்