கலைஞரை ஒரு நாளுக்கு மட்டும் அழைக்காதீர்கள்

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையை முடிவு செய்வதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள். அட்டவணை அச்சாகிவிட்டால் நான் கேட்பதைச் செய்ய இடமிருக்காது.

வெளியிலிருந்து கலைஞர்களைப் பள்ளிக்கு அழைப்பது நல்ல காரியம். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். என் கவலை, அழைக்கும் விதத்தைப் பற்றியது. காலையில் கலைஞர் வருகிறார். எல்லா வகுப்புகளும் அரங்கில் வந்து உட்காருகின்றன. வரவேற்புரை முடிந்ததும் அவர் ஒரு மணி நேரம் செய்துகாட்டுகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், படம் எடுக்கிறோம். மறுநாள் கணக்கு வகுப்பும் அறிவியல் வகுப்பும் வழக்கம்போல் நடக்கின்றன. ஒரு குழந்தையின் கையில்கூட அந்தக் கலை தங்குவதில்லை.

நான் கேட்பது இதுதான். ஆண்டுக்கு ஆறு கலைஞர்களை ஆளுக்கு ஒரு நாள் அழைப்பதற்குப் பதில், ஒரே ஒருவரை அழையுங்கள். அவர் ஒரே வகுப்பை எட்டு வாரமாவது தொடர்ந்து சந்திக்கட்டும், ஒவ்வொரு முறையும் இரண்டு பாடவேளைகள் சேர்ந்தாற்போல.

ஏன் இத்தனை வாரம் என்று கேட்பீர்கள். மண்பாண்டக் கலையையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் பிள்ளைகள் மண்ணைப் பிசைந்து ஒரு கிண்ணம் செய்வார்கள். அதற்குக் கைப்பிடி ஒட்ட வேண்டுமானால் கிண்ணம் கொஞ்சம் இறுகியிருக்க வேண்டும். ஒட்டும் இரு பக்கங்களையும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். கிண்ணம் காய்ந்தும் கைப்பிடி ஈரமாகவும் இருந்தால், காயும்போது ஈரமான பகுதி அதிகமாகச் சுருங்கி, ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். பிறகு பல நாள் நிழலில் காய வேண்டும். ஈரம் போகாமல் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் நீராவியாகிப் பாண்டத்தை உடைத்துவிடும். உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிதான் உடைக்கிறது என்று பலர் சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். அதன்பின் முதல் சூடு, மெருகுப் பூச்சு, மறுபடி சூளை. இதை எந்தக் கெட்டிக்காரராலும் ஒரே நாளில் காட்ட முடியாது. காட்டினால், முன்பே செய்து எடுத்துவந்த பாண்டத்தைத்தான் காட்டுவார்.

ஒரு குழந்தைக்கு உண்மையான பாடம் கிடைப்பது அந்த விரிசல் விட்ட வாரத்தில். அப்போது கலைஞர் பக்கத்தில் இருக்க வேண்டும். உடைந்த துண்டை எடுத்துப் பார்த்து, ‘இந்த இடத்தில் கீறல் ஆழமாக இல்லை, மறுபடி செய்வோம்’ என்று அவர் சாதாரணமாகச் சொல்வதைக் குழந்தை கேட்க வேண்டும். தொழிலாகவே ஒரு கலையைச் செய்கிறவருக்குத் தோல்வி அன்றாட வேலையின் ஒரு பகுதி. மதிப்பெண்ணுக்குப் பயந்து பழகிய பிள்ளைகளுக்கு அதைக் கண்ணால் பார்ப்பதே பெரிய விடுதலை. நாடகமும் அப்படித்தான். முதல் வாரம் எல்லாரும் கத்துவார்கள். எதிரில் நிற்பவர் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லும் பழக்கம் வரவே சில வாரங்கள் ஆகும்.

இன்னொரு வேண்டுகோள், வகுப்பு ஆசிரியர்களைப் பற்றியது. கலைஞர் வந்தவுடன் ஆசிரியர் விடைத்தாள் திருத்தப் போய்விடுவதை நிர்வாகம் அனுமதிக்கக் கூடாது. எந்தப் பிள்ளை கூச்சப்படும், யாருக்கு ஒரு வேலையை இரண்டு முறை விளக்க வேண்டும், யார் யாரைச் சேர்த்து உட்காரவைக்கக் கூடாது என்பதெல்லாம் ஆசிரியருக்குத்தான் தெரியும். கலைஞருக்குத் தெரிந்தது கலை. இருவரும் முதல் வகுப்புக்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். வகுப்பு நடக்கும்போது ஆசிரியரும் மண்ணில் கைவைக்க வேண்டும். கலைஞர் விடைபெற்ற பிறகு அந்த வேலை பள்ளியில் தொடருமா என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் இதுவே முறை. வெளியாள் எவராயினும் அவருடைய பின்னணியை முறைப்படி விசாரித்த பிறகே அழைக்க வேண்டும், குழந்தைகளுடன் அவரைத் தனியாக விடக் கூடாது. நல்ல கலைஞர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

‘நன்றாக வரையும்’ பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அனுப்பாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கு ஏற்கெனவே வாய்ப்பு இருக்கிறது. வகுப்பு முழுவதும் வரட்டும்.

பணம் பற்றித் தயங்காமல் பேச வேண்டும். கலைஞருக்குப் பாராட்டும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவது நியாயமில்லை. வகுப்பில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் கணக்குப் போடுவதும் போதாது. தயாரிப்பு, பயணம், ஆசிரியரோடு பேசும் நேரம் எல்லாம் அவருடைய உழைப்பு. பொருள்களுக்கான செலவைத் தனியாக ஒதுக்குங்கள், அதை அவர் தலையில் கட்டாதீர்கள். முடிந்தவரை இந்தச் செலவு பள்ளியின் சொந்த வரவுசெலவுத் திட்டத்திலேயே இருக்கட்டும். இங்கிலாந்தில் 2002-இல் தொடங்கிய ‘கிரியேட்டிவ் பார்ட்னர்ஷிப்ஸ்’ திட்டம் கலைஞர்களையும் பள்ளிகளையும் பெரிய அளவில் இணைத்தது. அரசு நிதி நின்றதும் 2011-இல் அது முடிவுக்கு வந்தது. வெளிப்பணத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் நிரந்தரக் கலை ஆசிரியர் எதற்கு?’ என்று எந்த நிர்வாகமும் முடிவெடுத்துவிடக் கூடாது. நியூயார்க்கில் 1970-களின் நிதி நெருக்கடியில் அரசுப் பள்ளிகளின் கலை வகுப்புகள் பெருமளவு வெட்டப்பட்டன. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் 1977-இல் கலைப் புரவலர் ஆக்னஸ் கண்ட் ‘ஸ்டுடியோ இன் எ ஸ்கூல்’ என்ற அமைப்பைத் தொடங்கி, கலைஞர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார். அது போற்றத்தக்க பணி. ஆனால் அதற்குத் தேவை ஏற்பட்ட சூழ்நிலையை நாமே வலிய உருவாக்கக் கூடாது. இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகர மழலையர் பள்ளிகளில் கல்வியாளர் லோரிஸ் மலகுட்ஸி வேறு வழியைக் காட்டினார். அங்கே கலைப் பயிற்சி பெற்றவர் பள்ளி ஊழியர்களில் ஒருவர், அவருக்கென்று ஒரு பட்டறையும் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. கலை ஆசிரியரே இல்லாத பள்ளிக்கு வரும் கலைஞர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அவர் போனபின் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

கடைசியில் கண்காட்சி வைக்கத்தான் வேண்டும், பெற்றோரும் வர வேண்டும். ஆனால் அழகான பத்துப் பாண்டங்களை மட்டும் மேசையில் அடுக்காதீர்கள். உடைந்ததும், கோணியதும், மறுபடி செய்ததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். எப்படிச் செய்தோம் என்பதைப் பிள்ளைகளே நின்று விளக்கட்டும். பரிசு, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் வேண்டாம்.

முதல் ஆண்டு ஒரே ஒரு வகுப்பில் முயன்று பாருங்கள். வாரம் ஒருமுறை இரண்டு பாடவேளை, தண்ணீர்க் குழாய் உள்ள ஓர் அறை, பாதி முடிந்த வேலைகளை அடுத்த வாரம்வரை யாரும் தொடாமல் வைக்க ஓர் அலமாரி. இவற்றை அட்டவணையிலும் கட்டடத் திட்டத்திலும் இப்போதே எழுதிவிடுங்கள். எந்தக் கலைஞரை அழைப்பது என்பதை உங்கள் கலை ஆசிரியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
ஓர் ஓவிய ஆசிரியை