மேல்பாதைத் திருப்பணி முடிந்தது: உறுப்பினர்களுக்கு ஒரு கணக்கு

அன்பான உறுப்பினர்களுக்கும் குடும்பத்தினருக்கும்,

ஆளை இழுக்கும் சின்ன எஞ்சின்கள் ஓடும் நம் சங்கத்தில், தூண்களுக்கு மேல் போகிற மேல்பாதையைத் திருத்தும் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. எங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளர் முழுச் சுற்றையும் மட்டக்கோல் வைத்துப் பார்த்து, பதிவுப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆங்கில அறிக்கை எல்லோருக்கும் மின்னஞ்சலில் வந்திருக்கும். அதில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரும் அதை வாசித்து முடித்த மாதிரித் தெரியவில்லை. ரிக்கற் மேசையில் உட்காரும் அம்மாமார், ஊரிலிருந்து கோடைக்கு வந்து தூணுக்கு மை பூசிவிட்டுப் போன அப்பாமார், "தம்பி, என்னதான் நடந்தது, எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டபடியே இருந்தார்கள். அதனால் தமிழில் இதை எழுதும்படி செயற்குழு என்னிடம் சொன்னது. தலைப்பில் திருப்பணி என்று போட்டதற்கு ஆங்கில நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள். அவர்களும் கிழமைக்கு ஒரு தடவை இங்கே வந்து கும்பிடுகிறவர்கள்தான்.

முதலில் பெரிய கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தேநீர்க் கொட்டிலுக்குள் கதைக்கிறீர்கள். எங்களிடம் இரண்டு பாதைகள் இருக்கின்றன. நிலப்பாதையில் 7¼ அங்குலத் தண்டவாள இடைவெளியில் ஓடும் வண்டிகள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சனத்தை ஏற்றி இறக்குகின்றன. பிறந்தநாள் விழா, நத்தார்த் தாத்தா ரயில் எல்லாம் அதில்தான், சங்கத்தின் வருமானமும் பெரும்பாலும் அதில்தான். மேல்பாதை என்பது தூண்களுக்கு மேல், இடுப்பளவு உயரத்தில் போகிற பழைய சுற்று. 3½ அங்குலம், 5 அங்குலம் என்று இரண்டு அளவுக்குமாக மூன்று தண்டவாளம். பயணி வண்டியின் இரு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு, குதிரையில் ஏறின மாதிரி உட்கார வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. அப்படியிருக்க, காசு தராத பாதைக்கு ஏன் இவ்வளவு காசு?

இதற்கு விடை சொல்ல நூறு வருடம் பின்னால் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் சின்ன இயந்திரம் கட்டும் ஆட்களுக்கென்று 1898 இலேயே பேர்சிவல் மார்ஷல் 'மாடல் எஞ்ஜினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். ஆனால் மேசை அளவு எஞ்சின் ஒன்று உண்மையான நிலக்கரியில் எரிந்து ஆளை இழுக்குமா என்பதில் நெடுங்காலம் சந்தேகம் இருந்தது. நோர்தாம்ப்டன் பசெற்-லோக் நிறுவனம் அப்போது இந்தத் துறையில் பெரிய பெயர். அந்தப் பக்கத்தார் ஸ்பிரிற்றில் எரியும் கொதிகலனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய கேர்லி லோரன்ஸ் (தான் வேலை செய்த லண்டன் பிரைற்றன் அன்ட் சவுத் கோஸ்ட் ரயில் கம்பனியின் முதலெழுத்துகளையே பெயராக வைத்துக்கொண்டவர்) "முடியும், நான் செய்திருக்கிறேன்" என்று சண்டைக்கு நின்றார். 1922 இல் பத்திரிகைக் கடிதங்களில் தொடங்கிய சண்டை, 1924 இல் லண்டன் கண்காட்சியில் நேருக்கு நேர் ஓட்டிக் காட்டும் வரை போனது. அவருடைய 'ஆயிஷா' வெறும் 2½ அங்குல இடைவெளியில் ஓடும் எஞ்சின், உள்ளங்கை அகலத் தண்டவாளம். அது வளர்ந்த ஆட்களை இழுத்துக் காட்டியது. அதற்குப் பிறகு பல பத்து வருடம் அவர் பத்திரிகையில் படிப்படியாக வரைபடமும் விளக்கமும் கொடுக்க, தொழிற்சாலையில் பிற்றராக, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக வேலை செய்த மனிதர்கள் இரவில் வீட்டுக் கொட்டிலில் இருந்து எஞ்சின் கட்டினார்கள். கட்டினால் ஓட்ட இடம் வேண்டுமே. அதற்காகத்தான் இப்படியான சங்கங்கள் உருவாயின. பயணிகளுக்காக உருவானவை அல்ல. சின்ன எஞ்சினில் உட்கார முடியாது, பின்னால் உட்கார்ந்து கையை நீட்டித்தான் ஓட்ட வேண்டும், காலுக்கு இடம் வேண்டும், அதனால்தான் பாதையைத் தூணுக்கு மேல் தூக்கினார்கள். 7¼ அங்குலமும் நிலப்பாதையும் பயணிகள் கூட்டமும் எங்கள் சங்கத்துக்கு அப்புறம் வந்தவை.

மேல்பாதையை உடைத்தால் 3½ அங்குல எஞ்சின் வைத்திருக்கிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை. அவர்களில் அநேகர் எண்பது தாண்டியவர்கள். சங்கத்தில் கடைசல் இயந்திரம் தெரிந்தவர்களும் அவர்களே. நிலப்பாதை எஞ்சினுக்கு வால்வு பழுதானாலும் அவர்களிடம்தான் ஓடுகிறோம். 2023 பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு நெருக்கமாகத்தான் இருந்தது. எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் நியாயம் இருந்தது, அவர்களில் இரண்டு பேர் பிறகு மண்வெட்டியோடு முதலில் வந்து நின்றார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பாதை பழுதான காரணம் களிமண். லண்டன் களிமண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் வேர் இன்னும் உறிஞ்சும். 2022 கோடை ஞாபகம் இருக்கும், யூலை 19 ஆம் திகதி லிங்கன்ஷயரில் 40.3 பாகை பதிவான வருடம். பூங்காப் புல் முழுக்க வைக்கோல் நிறமாகி, நிலத்தில் கை போகும் அளவு வெடிப்பு. மரவரிசைப் பக்கம் இருந்த தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மோசமான தூணில் ஒரு தண்டவாளம் மற்றதைவிட 9 மில்லிமீற்றர் பதிந்திருந்தது. பெரிய ரயிலில் 9 மில்லிமீற்றர் ஒருவருக்கும் தெரியாது. 127 மில்லிமீற்றர் அகலப் பாதையில் அது கிட்டத்தட்ட நான்கு பாகைச் சரிவு, அதற்கு மேலே எண்பது கிலோ மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவர் பக்கவாட்டில் திரும்பி மனைவிக்குக் கை காட்டுகிறார். அந்த வாரமே பாதையை மூடினோம்.

மாற்ற வேண்டியிருந்தது 34 தூண்கள், கிட்டத்தட்ட 50 மீற்றர் நீளம். மரங்களைத் தொட முடியாது, தொடவும் கூடாது. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு மீற்றர் ஆழக் குழி வெட்டினோம். அந்த மரங்களுக்கு ஒரு மீற்றர் காணாது என்று எங்களுக்கே தெரியும். ஆழமாகப் போகக் காசும் இல்லை, வேரையும் வெட்ட வேண்டி வரும். ஆகவே தூண் அசையத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, தலையை மாற்றினோம். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் நாலு போல்ற், அதன் மேல் இரும்புத் தகடு, தகட்டுக்குக் கீழும் மேலும் நட். தூண் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஸ்பனரால் நட்டைத் திருப்பித் தண்டவாளத்தை மட்டத்துக்குக் கொண்டுவரலாம், ஒரு தூணுக்குப் பத்து நிமிடம். முன்பு இருந்தவர்கள் கொங்கிறீற்றோடு சேர்த்துத் தண்டவாளத்தை இறுக்கிவிட்டிருந்தார்கள், அவர்கள் மேல் குறையில்லை, எழுபது வருடம் நின்றிருக்கிறதே.

எழுபது என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், பழைய தூண் ஒன்றை உடைத்தபோது உள்ளே ஒரு அரைப் பென்னிக் காசு கிடைத்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், மறுபக்கம் பாய்க்கப்பல், வருடம் 1952. யாரோ ஈரக் கொங்கிறீற்றில் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார். நாங்களும் அத்திவாரத்தில் காசு போடுகிறவர்கள்தானே, அதனால் தமிழ்ப் பக்கத்தில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கழுவி, இப்போதைய ஒரு பென்னியோடு சேர்த்து அதே இடத்துப் புதுத் தூணுக்குள் போட்டிருக்கிறோம். எந்தத் தூண் என்று எழுத மாட்டேன்.

கொங்கிறீற் ஊற்றிய முதல் சனிக்கிழமையைப் பற்றி ஏற்கனவே பல கதைகள் உலாவுகின்றன, உண்மை இதுதான். கலவை லொறி பூங்காவின் பின்கதவால் வரும் என்று பேச்சு. அளவு கேட்டு, சொல்லி, எழுதியும் கொடுத்திருந்தோம். வந்த லொறி கதவைவிட அகலம். சாரதி நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் நேரக்கணக்கு. வீதியில் நின்றபடியே ஊற்றிவிட்டுப் போவதாகச் சொல்லிவிட்டார். மூன்றரைக் கன மீற்றர், எட்டுத் தொன்னுக்கு மேல். தள்ளுவண்டி ஐந்து. கிட்டத்தட்ட எண்பது தடவை, புல்லுக்கு மேல் பலகை போட்டுத் தள்ளினோம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு கலவை இறுகத் தொடங்கிவிட்டது, அப்போதுதான் சும்மா பார்க்க வந்த உதைபந்தாட்டப் பெற்றோர் சிலர் சப்பாத்தோடு இறங்கினார்கள். கடைசி மூன்று குழிக்கு ஊற்றியது அவ்வளவு அழகில்லை, ஆனால் நிற்கிறது. இரண்டாவது தடவை சின்ன லொறியாகக் கேட்டு எடுத்தோம், மூன்று மணிநேரத்தில் முடிந்தது.

அடுத்த பிழை என்னுடையது. தண்டவாளத் துண்டுகளைப் பொருத்தியது 2024 மார்ச் குளிரில், எட்டுப் பாகை போல. மூட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்லியிருந்தார்கள். வண்டி போகும்போது தட்டும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, வடிவாக நெருக்கி இறுக்கிவிட்டேன். யூனில் வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை இரும்பு தொட முடியாமல் சுட்டது. ஐம்பது மீற்றருக்கு இருபது மில்லிமீற்றருக்கு மேல் நீள வேண்டிய இரும்பு, போக இடமில்லாமல் நடுவில் பாம்பு மாதிரி வளைந்து நின்றது. அன்று ஓட்டம் இல்லாததால் யாருக்கும் ஆபத்தில்லை. மூட்டுத் தகடுகள் ஐம்பதுக்கு மேல் கழற்றி, துளைகளை நீளத் துளையாக்கி, திரும்பப் போட்டதில் ஒரு பருவம் போனது. அந்தத் தட்டும் சத்தம் இப்போது இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

காசு: மொத்தம் 9,600 பவுண் முடிந்தது. பாதிக்கு மேல் இரும்புக்கு, மிச்சத்தில் பெரும்பங்கு கொங்கிறீற்றுக்கும் இயந்திர வாடகைக்கும். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் நன்கொடை, மற்றது பிறந்தநாள் விழா வருமானத்தில் இரண்டு வருடம் சேர்த்தது. கடன் இல்லை. முழுக் கணக்குத் தாள் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார்.

உழைப்பைக் கணக்கில் எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். குழி வெட்டிய நாட்களில் ஒரு ஐயா, சிலிப்பர்க் கட்டைகளை அடுக்கும்போது சொல்லிக்கொண்டிருந்தார்: 1990 இல் யாழ்தேவி நின்ற பிறகு, ஊரில் சிலிப்பர்க் கட்டை என்றால் பங்கருக்கு மேல் போடுகிற மரம் என்றுதான் தன் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று. திரும்ப யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி வந்தது 2014 ஒக்டோபரில். அதற்குள் பிள்ளைகள் இங்கே வளர்ந்துவிட்டார்கள். அவர் அன்று ஒரு கட்டையையும் மற்றவர்கள் தூக்க விடவில்லை.

முதல் ஓட்டம் வைகாசியில். எந்த எஞ்சின் என்பதில் போட்டியே இல்லை: எங்கள் மூத்த உறுப்பினரின் 'ரிச்', எல்.பி.எஸ்.சி. வரைபடத்தில் கட்டியது, 3½ அங்குலம், சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மண்ணெண்ணெயில் ஊறவைத்த மரக்கரியை நெருப்புப் பெட்டிக்குள் போட்டு, புகைபோக்கிக்கு மேல் சின்ன மின்விசிறியை மாட்டி இழுக்கவிட்டு, பிறகு பட்டாணிக்கடலை அளவு நிலக்கரியைக் கரண்டியால். இருபது நிமிடத்தில் நீராவி அழுத்தம் காட்டும் முள் 80 இறாத்தலைத் தொட்டு வால்வு சீறியது. அப்போது நம்மவர் ஒருவர் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். பாதுகாப்புப் பொறுப்பாளர் பழத்தைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார். சில்லு பழத்தைவிடப் பெரிய அளவில்லை, ஏறினால் எஞ்சின்தான் கவிழும். சிறிது பேச்சுவார்த்தைக்குப் பிறகு இரண்டு திராட்சைப் பழத்துக்கு அனுமதி கிடைத்தது. நசிந்தது. பின்னால் ஒரே ஒரு பயணி, எஞ்சின்காரரின் கொள்ளுப்பேத்தி. சுற்று முடியக் காலெடுக்காமல் இன்னொரு சுற்றுக் கேட்டாள்.

ஒரு சின்னக் கவலை. வேல்ஸ் நிலக்கரிக்கு நாங்கள் நம்பியிருந்த ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடிவிட்டது. இருப்பில் இருக்கும் மூட்டைகள் மேல்பாதைக்கு மட்டும் என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. சின்ன நெருப்புப் பெட்டிக்கு அழுத்திச் செய்த கரி ஒத்துவருவதில்லை. பெரிய எஞ்சின்காரர்கள் அந்த மூட்டையில் கை வைக்க வேண்டாம், யார் என்று எனக்குத் தெரியும்.

இனி நடக்க வேண்டியது: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 34 தூணும் மட்டம் பார்க்க வேண்டும், ஒரு நீண்ட வறட்சிக்குப் பிறகும் கட்டாயம். இரண்டு பேர், ஒரு காலை நேரம் போதும், தொழில் தெரிய வேண்டியதில்லை, நான் காட்டித் தருவேன். பெயர்ப் பட்டியல் தேநீர்க் கொட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறது, இப்போதைக்கு அதில் என் பெயர் மட்டும் இருக்கிறது. 24 மில்லிமீற்றர் ஸ்பனர் இரண்டும் கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன, எடுத்தவர் திருப்பிக் கொளுவிவிடவும்.

மேல்பாதை வேலைக்குழுச் செயலாளர்