படிப்பகத்துக்கு ஆறு கணினி வாங்கணும், கை கொடுங்க

பெரம்பூர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெரு படிப்பகத்தில் சாயங்காலம் ஜெர்மன் வகுப்பு நடப்பது தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் முடிந்து நேராக வருகிற நர்ஸ் பிள்ளைகள்தான் அதிகம். ஜெர்மனியில் நர்ஸாகப் பதிவு செய்யப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பி2 என்கிற தேர்ச்சி நிலை கேட்கிறார்கள், அதற்கான கோத்தே நிறுவனத் தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என ஒவ்வொன்றிலும் 100க்கு 60 எடுத்தாக வேண்டும்.

இலக்கணம் எப்படியோ வந்துவிடுகிறது, வாய்தான் பழக மாட்டேன் என்கிறது. 'ஷோன்' என்றால் 'ஏற்கெனவே'. அதே சொல்லில் நாக்கை 'ஏ' சொல்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஓ'வுக்குக் குவித்தால் 'அழகு'. போன வாரம் ஒரு பெண் டீச்சரின் மடிக்கணினியில் தன் குரலைப் பதிவு செய்து, டீச்சர் குரலையும் தன் குரலையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள், பத்துப் பன்னிரண்டு தடவைக்கு அப்புறம் சட்டென்று அந்த ஒலி வந்துவிட்டது. இருப்பது அந்த ஒரே மடிக்கணினி. மற்ற பதினான்கு பேரும் வரிசையில் நின்றார்கள்.

போனில் படிக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். படிக்கிறார்கள், பஸ்ஸில் ஆங்கி என்கிற சொல் பழகும் செயலியில் சொற்களைப் புரட்டுகிறார்கள், மறக்கப்போகிற சமயம் பார்த்து அது திரும்பக் கேட்பது நல்ல உதவிதான். ஆனால் தேர்வில் கேட்கிறபடி 75 நிமிடத்தில் இரண்டு பகுதி எழுதிப் பழகி, டீச்சர் வரிக்கு வரி திருத்தித் தர, கீபோர்டும் பெரிய திரையும் வேண்டும். டீச்சருக்குப் பதில் கணினி என்று நாங்கள் நினைக்கவே இல்லை. அவர் ஒருவரால் பதினைந்து பேர் வாயையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது, அவ்வளவுதான்.

ரிச்சி தெருவில் விசாரித்தோம். செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் மானிட்டரோடு 11,000 ரூபாய், ஆறுக்கு 66,000. மைக் வைத்த ஹெட்செட்டுகள் 6,000, யுபிஎஸ்ஸும் வயரிங்கும் 18,000. ஆக 90,000. கணினியை இயக்கும் லினக்ஸ், குரல் பதிவு செய்யும் ஆடாசிட்டி, ஆங்கி எல்லாம் இலவசம் என்பதால் மென்பொருளுக்குச் செலவில்லை. கையில் 31,500 இருக்கிறது, இன்னும் 58,500 வேண்டும்.

நூறு ரூபாயானாலும் சரி, வீட்டில் சும்மா கிடக்கிற நல்ல மானிட்டரானாலும் சரி, கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை 10 முதல் 1 வரை கமிட்டியில் யாராவது இருப்போம். வரவு செலவு படிப்பக வாசல் பலகையில் வாராவாரம் ஒட்டப்படும். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.