மூணு ஸ்டேஜ் ஜெயிச்சவர் எப்படித் தோத்தார்னு கேட்டியே

கண்ணு,

போன்ல நீ கேட்ட கேள்விக்கு ரெண்டு வார்த்தைல பதில் சொன்னா சரியா வராது, அதான் எழுதுறேன். 2018 ஜிரோ டி இத்தாலியாவுல, அதான் இத்தாலில மூணு வாரம் நடக்குற சைக்கிள் ரேஸ்ல, சைமன் யேட்ஸ் மூணு ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) ஜெயிச்சாரு, மொத்த நேரத்துல முதல்ல இருக்கிறவர் போடுற பிங்க் ஜெர்சியை 13 நாள் போட்டிருந்தாரு, மலைல அவரை யாராலயும் பிடிக்க முடியல, அப்படிப்பட்டவர் கடைசில லிஸ்ட்ல எங்கயோ கீழ போயிட்டாரு, அப்போ இந்த மூணு வார ரேஸ் எதை வச்சுத்தான் பெரிய ஆளுன்னு சொல்லுதுன்னு கேட்ட. நல்ல கேள்வி.

21 ஸ்டேஜ் ஓட்டுறாங்க, எல்லா நாளோட நேரத்தையும் கூட்டுறாங்க, கம்மி நேரம் யாருக்கோ அவர்தான் சாம்பியன், அவ்ளோதான் ரூல். ஆனா இந்தக் கூட்டல்ல ஒரு விஷயம் இருக்கு. நல்லா ஓட்டுற நாள்ல மத்த பெரிய ஆளுங்க மேல 20 செகண்ட், 30 செகண்ட், ரொம்பப் போனா ஒரு நிமிஷம் எடுக்கலாம். உடம்பு கைவிட்ட நாள்ல போறது நிமிஷக் கணக்கு, சில சமயம் அரை மணி நேரமே போயிடும். அதனால நான் எந்த ரைடரைப் பாத்தாலும் அவரோட பெஸ்ட் நாளைப் பாக்க மாட்டேன், அவரோட மோசமான நாள் எவ்ளோ சின்னதா முடியுதுன்னுதான் பாப்பேன்.

யேட்ஸுக்கு அந்த நாள் 19வது ஸ்டேஜ். கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரேன்னு ஒரு ஏத்தம், 18 கிலோமீட்டருக்கு மேல, சராசரி 9 சதவீதத்துக்கும் மேல சரிவு, கடைசி 8 கிலோமீட்டர் தார் ரோடே கிடையாது, வெறும் சரளைக்கல்லு. ஏத்தம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே யேட்ஸ் பின்னாடி நழுவிட்டாரு. இன்னொரு பெரிய ரைடர் கிறிஸ் ஃப்ரூம் ஃபினிஷுக்கு 80 கிலோமீட்டர் இருக்கும்போதே தனியாப் போயி, மொத்த நேரத்துல மூணு நிமிஷத்துக்கு மேல பின்தங்கி இருந்தவர், அன்னைக்கு ஒரே நாள்ல ஜெர்சியை எடுத்துட்டாரு. யேட்ஸ் அன்னைக்கு விட்டது 38 நிமிஷம். அதுக்கு முந்தின ரெண்டு வாரம் மலைக்கு மலை அட்டாக் பண்ணி அவர் சேத்தது மொத்தமும் அதுல போயிடுச்சு, ஏன்னா அந்த அட்டாக் ஒவ்வொண்ணுக்கும் உடம்பு உள்ள கணக்கு எழுதிட்டே இருந்துச்சு.

அவரோட கதை அங்க முடியலங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அதே வருஷம் செப்டம்பர்ல அட்டாக்கை அளந்து அளந்து போட்டு ஸ்பெயினோட மூணு வார ரேஸான வுவெல்ட்டாவை ஜெயிச்சாரு. அப்புறம் 2025 ஜிரோ, 20வது ஸ்டேஜ், அதே ஃபினெஸ்ட்ரே. முதல்ல இருந்த இசாக் டெல் டோரோவுக்கு 1 நிமிஷம் 21 செகண்ட் பின்னாடி மூணாவது இடத்துல இருந்தாரு. டெல் டோரோவும் ரெண்டாவது இருந்த கரபாஸும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டே இருக்க இவர் பாட்டுக்குக் கிளம்பிட்டாரு, ஏத்தத்தைத் தாண்டி இறங்குற பக்கம் அவர் டீம்மேட் வவுட் வான் ஆர்ட் முன்கூட்டியே பிரேக்ல, அதாவது முன்னால ஓடிப் போன கும்பல்ல, போயிருந்து காத்திருந்தாரு, சமவெளில அவர் காத்தைத் தடுக்க, யேட்ஸ் அவர் பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்து ஜிரோவை ஜெயிச்சுட்டாரு. அந்த மூணு வாரத்துல அவர் ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்கல! 2018ல மூணு ஜெயிச்சுத் தோத்தாரு, 2025ல ஒண்ணும் ஜெயிக்காம சாம்பியன். நீ கேட்டதுக்குப் பதில் இதுக்குள்ளயே இருக்கு.

மோசமான நாளைச் சின்னதாக்குறதுன்னா என்னன்னு கேப்ப. முதல்ல சாப்பாடு. மலை ஸ்டேஜ்ல ஒருநாள் 5,000 கலோரிக்கு மேல எரியும், அதை ஓட்டிட்டே உள்ள தள்ளணும். இப்பல்லாம் மணிக்கு 90ல இருந்து 120 கிராம் வரைக்கும் கார்ப், ஜெல்லாவும் பாட்டில்லயும், நாடித்துடிப்பு எகிறிட்டு இருக்கும்போது வயிறு அதைத் தாங்கணும், அதுக்கு வயித்தையே மாசக்கணக்குல பழக்குறாங்க. நிறைய திறமைசாலிங்க காலுல தோக்கல, வயித்துல தோத்தாங்க. அடுத்தது தூக்கம், ரெக்கவரி. ராத்திரி ஹோட்டல் மாறி மாறிப் படுத்து, விழுந்து சிராய்ச்ச தோலோட தூங்கி எழுந்து, மூணாவது வாரத்துலயும் முதல் வாரம் குடுத்த அதே வாட்ஸ், அதான் பெடல்ல போடுற சக்தி, கிட்ட குடுக்கணும். ஒருநாள் டெஸ்ட்ல பிரமாதமா நம்பர் காட்டுறவங்க நிறைய பேர், அதை 17வது நாள் காட்டுறவங்க ரொம்பக் கொஞ்சம்.

எடை விஷயத்தையும் சொல்லிடுறேன். ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட்ங்கறதுதான் ஏத்தத்துல முக்கியம், பெரிய ஆளுங்க அரை மணி நேர ஏத்தத்துல கிலோவுக்கு 6 வாட்டுக்கு மேல குடுப்பாங்க. அதுக்காகப் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கிற பழக்கம் இந்த விளையாட்டுல ரொம்ப காலம் இருந்துச்சு, எத்தனையோ சின்னப் பசங்க உடம்பைக் கெடுத்திருக்கு, அதை நினைச்சா எனக்குக் கோவமா வரும். ஒல்லியா இருந்தாத்தான் ஆகும்னு யாராவது சொன்னா மிகுவேல் இந்துராயினைக் காட்டு. 80 கிலோ ஆளு, 1991ல இருந்து 1995 வரைக்கும் பிரான்ஸோட மூணு வார ரேஸான டூர் டி பிரான்ஸை வரிசையா அஞ்சு தடவை ஜெயிச்சாரு. டைம் ட்ரையல்ல, அதாவது ஒவ்வொருத்தரும் தனித்தனியா நேரத்துக்கு எதிரா ஓட்டுற நாள்ல, நிமிஷக்கணக்கா எடுப்பாரு, மலைல தன்னோட வேகத்துல உக்காந்து ஏறி எடுத்ததைக் காப்பாத்துவாரு.

அப்புறம் மனசு. 2011 டூர்ல கெடல் எவன்ஸ் ஒருநாள் செஞ்சதை நீ கண்டிப்பா தேடிப் பாக்கணும். அவரோட போட்டியாளர் ஆண்டி ஷ்லெக் ஃபினிஷுக்கு 60 கிலோமீட்டர் இருக்கும்போது இஸோவார் ஏத்தத்துல கிளம்பி நாலு நிமிஷம் முன்னாடி போயிட்டாரு. பின்னாடி குரூப்ல எவனும் முன்னால வந்து காத்தை வாங்க மாட்டேங்கறான், எல்லாரும் இவர் முகத்தைப் பாக்குறாங்க. எவன்ஸ் சண்டை போடல, கலிபியே ஏத்தத்துல எதிர்காத்துல தான் ஒருத்தராவே இழுத்தாரு, பின்னாடி அத்தனை பேரும் ஓசில வந்தாங்க. நாலு நிமிஷம் 2 நிமிஷம் 15 செகண்டா குறைஞ்சுது. அன்னைக்கு அவருக்கு மேடையும் இல்ல ஜெர்சியும் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு கிரெனோப்ல் டைம் ட்ரையல், ஷ்லெக் மேல 2 நிமிஷம் 31 செகண்ட் எடுத்து டூர் அவருக்கு. 2007லயும் 2008லயும் ரெண்டாவது வந்தவர், 34 வயசுல ஜெயிச்சாரு. டூரை கிரெனோப்ல்ல ஜெயிச்சார்னு எல்லாரும் எழுதுவாங்க, என்னைக் கேட்டா கலிபியேல தோக்காம இருந்ததுதான் ஜெயிப்பு.

பெரிய ஆளுக்கும் பெரிய அடி விழும், அதையும் சொல்லணும். 2023 டூர்ல கோல் டி லா லோஸ்ங்கற ஏத்தத்துல, அதுக்கு முன்னாடியே டூர் ஜெயிச்சிருந்த பொகாச்சார் டீம் ரேடியோவுல நான் முடிஞ்சேன்னு சொன்னது உலகத்துக்கே கேட்டுச்சு, அன்னைக்கு முதல்ல இருந்த விங்கெகார் கிட்ட 5 நிமிஷம் 45 செகண்ட் விட்டாரு. டூர் கைவிட்டுப் போச்சுன்னு தெரிஞ்சும் மூணு நாள் கழிச்சு 20வது ஸ்டேஜை ஜெயிச்சாரு. அடுத்த வருஷம் ஜிரோ, டூர் ரெண்டும் அவருக்கே, 1998ல பந்தானிக்கு அப்புறம் ஒரே வருஷத்துல அதை யாரும் செஞ்சதில்ல.

நீ மலை ஸ்டேஜ் மட்டும் பாக்குறேன்னு சொன்ன, அது போதாதும்மா, தட்டையான நாளையும் பாரு. பக்கவாட்டுல காத்தடிக்கும்போது பெலோட்டான், அதான் ரைடருங்க மொத்தமாப் போற பெரிய கூட்டம், துண்டு துண்டா உடையும், எச்செலான்னு சொல்வாங்க, முன்னாடித் துண்டுல இடம் கிடைக்கலன்னா மலையே இல்லாத நாள்ல டூர் போயிடும். 2020 டூர்ல லவோர் ஊருக்குப் போற ரோட்ல பொகாச்சாருக்கே அப்படி 1 நிமிஷம் 21 செகண்ட் போச்சு. அடுத்த நாளே பெய்ரசூர்ட் ஏத்தத்துல கிளம்பி 40 செகண்ட் கிட்ட திருப்பி எடுத்துட்டாரு. கடைசில அந்த டூரை அவர் ஜெயிச்சது 59 செகண்ட்ல, இப்போ நீயே கணக்குப் போட்டுப் பாரு.

அதனால ஜூலைல டூர் பாக்கும்போது கேமரா முன்னாடி போறவனையே காட்டிட்டு இருக்கும், நீ பத்தாவது பதினஞ்சாவது இடத்துல இருக்கிறவங்களைத் தேடு. யாரு பாட்டில் எடுக்குறா, யாரு சும்மா உக்காந்திருக்கா, காத்து திரும்புற வளைவுக்கு முன்னாடி யாரோட டீம் முன்னால வருதுன்னு கவனி. ரெஸ்ட் டே அன்னைக்கு எனக்குப் போன் பண்ணு, யாரு மேல உனக்கு நம்பிக்கைன்னு சொல்லு, நானும் என் ஆளைச் சொல்றேன்.

அம்மா