நடுத் துளை

செல்லூர், மதுரை.

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில் அகிலன் கேட்டானே, "அழகர் மேல் ஏன் எல்லோரும் தண்ணீர் அடிக்கிறார்கள், அவருக்குக் குளிராதா?" என்று. நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கு அது மனதிலேயே நின்றுவிட்டது. ஏப்ரலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மதுரைச் சித்திரைத் திருவிழா பார்க்கிற பிள்ளைக்குச் சித்திரை வெயில் எப்படித் தெரியும்? அழகர்மலையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று நின்று வருகிறார். சித்ரா பௌர்ணமியன்று தங்கக் குதிரையில் வைகையில் இறங்கிவிட்டு ராமராயர் மண்டபத்துக்குப் போகும்போது உச்சி வெயில். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் சல்லடம் கட்டி, தலையில் உருமா வைத்தவர்கள் துருத்தி என்கிற ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறார்கள் என்று சொல். நடுவில் சிலர் மோட்டார் பம்பைக் கொண்டுவந்து அடித்தார்கள். சாமியைக் குளிர்விப்பதா, லாரியைக் கழுவுவதா என்று எனக்கு அப்போதே எரிச்சல். அது கூடாது என்று உயர் நீதிமன்றக் கிளையே சொல்ல வேண்டியதாயிற்று.

அவனுக்கு வாயால் சொல்வதைவிட ஒரு துருத்தி செய்து கொடு. மெல்லிய தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். மூடியின் நடுவில் ஒரு துளை போட்டு, நிரப்பி, மூடி, இரண்டு கையாலும் அமுக்கச் சொல். அமுக்குவது பாட்டிலின் வயிற்றை, தண்ணீர் பாய்வதோ மூடி வழியாக. ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் தண்ணீர் முழுவதும் பரவுகிறது, வெளியேற வழி அந்த ஒரு துளைதான். வழி குறுகலானதால் வேகம் கூடுகிறது. தோல் பையிலும் இதுதான் நடக்கிறது. குளியல் தொட்டிக்குள் நிற்க வைத்துச் செய்யச் சொல், உன் வீட்டுத் தரை மரத்தரை.

இனிமேல் சொல்வதுதான் நான் கடிதம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

அழகரை ஊர் எல்லையில் வரவேற்கும் எதிர்சேவைக்கு முந்தின நாள் மாடி வீட்டு யாழினி வந்திருந்தாள். ஆறு வயது. பள்ளி விடுமுறை, வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கும் துருத்தி செய்து கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் சலித்துவிட்டது. சரி என்று, வழவழப்பான 2 லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் மூன்று துளை போட்டேன். தரையிலிருந்து 5, 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில். முதலில் கத்தரிக்கோல் நுனியால் குத்தியது பிசகு. துளையின் ஓரம் பிசிறாகி, தண்ணீர் பாயாமல் பாட்டிலை ஒட்டியே வழிந்தது. வேறு பாட்டில் எடுத்து, கோணி ஊசியை அடுப்பில் சுட்டுக் குத்தினேன், வட்டமாக விழுந்தது. துளைகள் ஒன்றுக்குமேல் ஒன்றாக நேர்கோட்டில் வேண்டாம், சற்றே விலகி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு தாரை இன்னொன்றில் மோதிக் கலங்கிவிடும்.

பாட்டிலைத் திண்ணைத் தரையில் வைத்து, தண்ணீர் 20 சென்டிமீட்டர் மட்டத்திலேயே நிற்கும்படி செம்பால் ஊற்றிக்கொண்டே இருந்தேன். "எது தூரமாக விழும்?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்வதற்கு முன் நானே, "அடியில் இருப்பதுதான்" என்று சொல்லித் தொலைத்தேன். டீச்சர் புத்தி.

"இல்லை ஆச்சி, நடுவில் இருப்பதுதான்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். நடுத்தாரை ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி விழுந்தது. மேல் தாரையும் அடித் தாரையும் அதற்கு இந்தப் பக்கம், கிட்டத்தட்ட ஒரே இடத்தில்!

கயல், நான் 31 வருடம் கரும்பலகையில் ஒரு படம் போட்டிருக்கிறேன். உனக்கும் போட்டிருக்கிறேன். ஒரு தகரப் பாத்திரம், மூன்று துளை, அடித்துளையின் தாரை எல்லாவற்றையும் தாண்டித் தரையில் விழும். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்பதற்கு அந்தப் படம். பாடம் சரி, அடித்துளையில்தான் தண்ணீர் அதிக வேகத்தோடு வெளியேறுகிறது. ஆனால் வேகம் இருந்து என்ன? தரை பக்கத்திலேயே இருக்கிறது, புறப்பட்டதும் விழுந்துவிடுகிறது. மேல் துளைக்கு விழ நேரம் உண்டு, வேகம் இல்லை. நடுத்துளைக்கு இரண்டுமே ஓரளவு உண்டு. அன்றிரவு நோட்டில் கணக்குப் போட்டேன். இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 1644-இலேயே அச்சில் கொடுத்த விதிதான், துளைக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் வேகத்தை முடிவு செய்கிறது. அதைக் கொண்டு பார்த்தால் நடுவுக்கு 20 சென்டிமீட்டர், மற்ற இரண்டுக்கும் பதினேழே கால். திண்ணையில் விழுந்ததுபோலவே.

மறுநாள் பாட்டிலை முக்காலிமேல் ஏற்றி வைத்தேன். இப்போது அடித்தாரைக்கு விழ இடம் கிடைத்துவிட்டது, அதுதான் எல்லாவற்றையும் தாண்டிப் போனது. என் படத்தில் பாத்திரத்துக்கு அடியில் ஒரு முக்காலி வரைந்திருந்தால் போதும்.

வெட்கமான விஷயம் வேறு. ஒருமுறை ஏழாம் வகுப்பில் தகர டப்பாவில் இதைச் செய்து காட்டினேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "டீச்சர், நடுவில் வருவதுதான் தூரம் போகிறது" என்றான். துளை சரியாக விழவில்லை என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். டப்பாவை நான் இன்னொரு முறை பார்க்கக்கூட இல்லை. அவன் முகம் ஞாபகம் இருக்கிறது, பெயர் இல்லை. ஆற்றங்கரைக் கூட்டத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்கவர்களையெல்லாம் இந்த வருடம் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்பா, "யாரைத் தேடுகிறாய்?" என்றார். அழகருக்காக ஏந்தியிருந்த சர்க்கரைச் செம்பில் சூடம் அணைகிறது என்று சொல்லி மழுப்பிவிட்டேன்.

அகிலனோடு செய்யும்போது நீ விடையைச் சொல்லிவிடாதே. தண்ணீர் எங்கே விழும் என்று அவன் நினைக்கிறானோ அங்கே ஒவ்வொரு துளைக்கும் ஒரு மொச்சைக்கொட்டை வைக்கச் சொல், பிறகு ஊற்று. முதலில் தரையில், அப்புறம் ஸ்டூல்மேல். துளை மட்டும் நீ போடு, ஊசிச் சூடு அவனுக்கு வேண்டாம். இன்னொன்று, இரண்டு துளைகளை விரலால் பொத்தி, மூடியை இறுக்கினால் மூன்றாவது துளையிலும் தண்ணீர் நின்றுவிடும். காற்று உள்ளே போக வழியில்லை அல்லவா? அதைக் கண்டால் அரை மணி நேரம் உன்னை விடமாட்டான்.

கோணி ஊசி அங்கே எங்கே கிடைக்கிறதோ தெரியாது. மாமா மே மாதம் வரும்போது இரண்டு கொடுத்தனுப்புகிறேன். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெட்டிக்குள் நார்த்தங்காய் ஊறுகாய் டப்பாவோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். பிரிக்கும்போது கை பத்திரம்.

அன்புடன்,
அம்மா