உன் முகத்தை வரைய உட்கார்ந்த இரவு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? போனில் பேசும்போது சொல்ல வந்து, நீ அவசரத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன். போன வாரம் ஐந்து நாள் ஓவியப் பட்டறைக்குப் போய் வந்தேன். எதிரே இருப்பதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும், போட்டோ கூடாது. முதல் இரண்டு நாள் ஸ்டில் லைஃப், அதாவது மேசைமேல் வைத்த பொருள்களை வரைவது; அப்புறம் மூன்று நாள் போர்ட்ரெய்ட், ஆளை உட்கார வைத்து முகம் வரைவது.

முதல் நாள் மேசைமேல் ஒரு மண்குடுவை, ஒரு எலுமிச்சை, கசங்கிய வெள்ளைத் துணி. பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. துணிதானே என்று ட்யூபிலிருந்த வெள்ளையை அப்படியே எடுத்துப் பூசிவிட்டேன். ஆசிரியை வந்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு வெள்ளைத் தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, அதற்குப் பக்கத்தில் துணியின் நிழல் மடிப்பைப் பார்க்கச் சொன்னார். அது வெள்ளையே இல்லையடி! நீலம் ஓடிய சாம்பல். எலுமிச்சைக்கு அடுத்த மடிப்பில் லேசாக மஞ்சள் வேறு ஏறியிருந்தது. எத்தனை வருடமாக வெள்ளைத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்! வெள்ளை என்று தெரியும் என்பதாலேயே அதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

குடுவையும் அப்படித்தான். அதன் வாய் வட்டம் என்று மனசுக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணில் படுவதோ ஒடுங்கிய நீள்வட்டம். கை அதைக் கேட்காமல் அகட்டி அகட்டி வரைந்தது. முழங்கையை மடக்காமல் பிரஷை நீட்டி, ஒரு கண்ணை மூடி, வாயின் அகலத்தில் எத்தனை பங்கு அதன் உயரம் என்று அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சில்லறை விவரங்கள் எல்லாம் மங்கி, வெளிச்சம் ஒரு கூட்டம், நிழல் ஒரு கூட்டம் என்று பிரிந்து நிற்கும். அதைத்தான் முதலில் போட வேண்டுமாம். நீயும் ஒரு தடவை செய்து பார், நீ இருக்கும் அறையையே.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் எங்களுக்காக வந்து உட்கார்ந்தார். இருபது நிமிடம் அசையாமல் இருப்பார், ஐந்து நிமிடம் ஓய்வு. திரும்பி வந்தால் நாற்காலி அதே இடத்தில் இருக்கத் தரையில் டேப் ஒட்டியிருந்தார்கள். ஆனால் மனிதர் எப்படி அதேபோல் இருப்பார்? மதியத்துக்குமேல் தோள் கொஞ்சம் தொய்ந்தது, பார்வை உள்ளே போய்விட்டது. காலையில் வரைந்த முகத்தை மதியம் அழித்தேன். 1899-ல் செசான் என்ற பிரெஞ்சு ஓவியர் தன் ஓவிய வியாபாரி வொலாரை வரைந்தபோது அவரை 115 முறை உட்கார வைத்தாராம், அப்படியும் படம் முடியவில்லையாம். வொலாரே எழுதி வைத்திருக்கிறார். முன்பு கேட்டிருந்தால் பிடிவாதம் என்று நினைத்திருப்பேன். இப்போது புரிகிறது.

கண்கள் தலையில் எங்கே இருக்கின்றன, சொல்லு? உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில். அங்கே இருந்த எல்லோரும் முதலில் மேலே ஏற்றித்தான் போட்டோம். முகத்தில் நாம் பார்ப்பது கண்ணும் வாயும் என்பதால், நெற்றியும் மண்டையும் சுருங்கிப் போகிறது. மூக்கைக் கோடாக வரையாதீர்கள், அதன் கீழே விழும் நிழலின் வடிவத்தைப் போடுங்கள், மூக்கு தானாக வரும் என்றார் ஆசிரியை. வந்தது. அந்தப் பெரியவரின் மூக்கு என் கேன்வாஸில் எழும்பி நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, நினைவிலிருந்து உன்னை வரையலாம் என்று பென்சிலை எடுத்தேன். பெற்ற பிள்ளையின் முகம், தெரியாதா? வரைந்து முடித்துப் பார்த்தால் எட்டு வயதுப் பெண் என்னைப் பார்க்கிறாள். உப்பிய கன்னம், நெற்றியில் விழும் முடி. இப்போது உன் கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது, புருவத்துக்கும் இமைக்கும் எவ்வளவு இடைவெளி, சிரிக்காதபோது உன் உதட்டு ஓரம் எப்படி இருக்கும், எதுவும் என்னிடம் இல்லை. போன தடவை நீ வந்தபோது ஐந்து நாளும் உன் எதிரில்தான் இருந்தேன். பேசிக்கொண்டே இருந்தேன், பார்க்கவில்லை.

அடுத்த முறை வரும்போது ஒரு காலைப்பொழுதை எனக்கென்று ஒதுக்கி வை. மூன்று மணி நேரம் போதும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு தருகிறேன். ஜன்னலுக்கு இடப்பக்கம் நாற்காலியைப் போட்டுப் பார்த்துவிட்டேன், காலையில் அங்கே வெளிச்சம் நன்றாக விழுகிறது. தரையில் டேப்பும் ஒட்டியாகிவிட்டது.

அன்புடன்,
அம்மா